வேலையை யாரிடம் ஒப்படைத்தான்? பணியிடத் தொடர்களை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தொடர் எழுத்தாளர்களே,

வணக்கம். ஆஸ்பத்திரி, வக்கீல் ஆபீஸ், விளம்பரக் கம்பெனி, ஹோட்டல் சமையலறை என்று ஏதோ ஒரு வேலையிடத்தில் கதையை நடத்தி, சீசன் சீசனாக எங்களைக் கட்டிப்போட்டிருக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

2014 மார்ச் 23 அன்று ‘தி குட் வைஃப்’ தொடரில் வக்கீல் வில் கார்ட்னர் நீதிமன்றத்துக்குள்ளேயே சுடப்பட்டுச் செத்துப்போனான். முன்னறிகுறி எதுவும் இல்லை. பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அன்று இரவே தொடரை உருவாக்கிய ராபர்ட் கிங், மிஷெல் கிங் தம்பதியர் ரசிகர்களுக்கு ஒரு மடல் வெளியிட்டார்கள். நடிகர் ஜாஷ் சார்ல்ஸ் விலக முடிவெடுத்துவிட்டார், வில்லை வேறு ஊருக்கு அனுப்பிவைக்கலாமா என்றெல்லாம் யோசித்தோம், கடைசியில் மரணத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று விளக்கியிருந்தார்கள். அதைப் படித்த பிறகும் கோபம் தீராதவர்கள் உண்டு. ஆனாலும் பார்ப்பவர்களுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே, அது எனக்குப் பிடித்திருந்தது. வழக்கமாக நாங்கள் கத்துவோம். நீங்கள் அடுத்த சீசன் எழுதப் போய்விடுவீர்கள். அந்த மடலுக்கு ரொம்பத் தாமதமாக வந்த ஒரு பதில் என்று வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோபத்தை நீங்கள் சரியாகப் படிப்பதில்லை என்பதுதான் என் குறை. பிடித்த பாத்திரம் கொஞ்சம் மாறினாலும் இவர்களுக்குப் பொறுக்காது என்று நினைத்துக்கொண்டால் உங்களுக்கு நிம்மதி. ஆனால் நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற பாத்திரங்களைக் கொஞ்சம் பாருங்கள். எல்லோருமே ஆரம்பித்த இடத்தில் இல்லாதவர்கள்.

கொரியப் போர்முனை ராணுவ ஆஸ்பத்திரி முகாமில் நடக்கும் ‘மேஷ்’ 1972இல் தொடங்கியபோது தலைமை நர்ஸ் மார்கரெட் ஹூலிஹன் வெறும் கேலிப்பொருள். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள், அவள் கத்துவாள், நாம் சிரிக்க வேண்டும். 1983இல் தொடர் முடிந்தபோது அவளைக் கேலிப்பொருளாக யாரும் நினைக்கவில்லை. நடுவில் ஒரு நாள் அவள் திடீரென்று நல்லவளாகிவிடவும் இல்லை. 1976இல் வந்த ஓர் எபிசோடில், தனக்குக் கீழே வேலை பார்க்கும் நர்ஸுகளிடம் அவள் வெடிக்கிறாள்: ஒரு நாளாவது என்னை ஒரு வாய் காபி குடிக்கக் கூப்பிட்டிருக்கிறீர்களா என்று. ஒரு மேலதிகாரி தன் ஊழியர்களிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. அதைக் கேட்டுவிட்ட பிறகு அவள் பழைய மார்கரெட்டாக இருக்க முடியாது, நாமும் பழையபடி சிரிக்க முடியாது. விளம்பரக் கம்பெனிக் கதையான ‘மேட் மென்’ பெக்கியும் அப்படித்தான். லிப்ஸ்டிக் பூசிப் பார்க்கச் சொல்லி அலுவலகப் பெண்களை ஓர் அறையில் உட்காரவைக்கிறார்கள். உதட்டைத் துடைத்துப் போட்ட காகிதங்கள் நிறைந்த குப்பைக்கூடையைப் பார்த்து, இது முத்தக்கூடை என்கிறாள் ஒரு செகரட்டரி. விளம்பர வாசகம் எழுதும் பெக்கி ஆல்சன் பிறந்தது அந்த நொடியில். காதலோ கல்யாணமோ அதைச் செய்யவில்லை.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் ‘தி பேர்’ இருக்கிறது. (அதை நகைச்சுவைத் தொடர் என்று விருதுக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சமையலறையில் நடக்கிற கூச்சலைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. போகட்டும்.) ரிச்சியை யாருக்கும் பிடிக்காது. வாய்த்துடுக்கு, வேலையில் அக்கறை இல்லை, எல்லாவற்றுக்கும் அடுத்தவர்மேல் பழி. 2023இல் வந்த இரண்டாம் சீசனில் அவனை ஓர் உயர்தர உணவகத்தில் ஒரு வாரம் வேலை கற்கப் போடுகிறார்கள். கொடுக்கிற வேலை முள்கரண்டி துடைப்பது. முதலில் அவமானமாக நினைக்கிறான். பிறகு ஒரு கறைகூட இல்லாமல் துடைப்பதன் பின்னால் என்ன இருக்கிறது என்று மெல்லப் புரிகிறது. திரும்பி வந்ததும் கோட்டு சூட்டு போட்டுக்கொள்கிறான். சீசன் முடிவில் தலைமைச் சமையல்காரன் குளிர்பதன அறைக்குள் மாட்டிக்கொள்ளும்போது, ஆர்டர்களைக் கூவிச் சமையலறையை நடத்துகிறவன் இதே ரிச்சிதான். ஆள் திருந்திவிட்டான் என்று யாரும் எங்களுக்கு வசனம் பேசிக் காட்டவில்லை. வேலை பார்த்தான், நாங்கள் பார்த்தோம், நம்பினோம்.

குடும்பக் கதையில் ஒருவரை நமக்கு வீட்டுக்குள் தெரியும். இங்கே அவர்களை வேலையில்தான் தெரியும். ஓர் ஆளை நான் எப்படிப் புரிந்துவைத்திருக்கிறேன்? மோசமான ஷிஃப்ட்டில் அவர் எப்படி நடந்துகொள்கிறார், தன் தப்பை யார் தலையில் போடுகிறார், ஜூனியருக்கு எப்படிச் சொல்லித்தருகிறார் என்பதை வைத்துத்தான். நிஜத்தில் கூடவே வேலை பார்க்கிறவரையும் அப்படித்தானே தெரிந்துகொள்கிறோம்? அதனால் அவர் மாறுகிறார் என்றால் அந்த மாற்றம் வேலை வழியாக வந்தாக வேண்டும், வேலையில் தடம் விட்டாக வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. நீங்கள் கோட்டைவிடுவதும் பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில்தான்.

இதைச் சரியாகச் செய்ததற்கு, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நடக்கும் ‘ஈஆர்’ தொடரின் ஜான் கார்ட்டரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1994இல் முதல் எபிசோடில் எதுவும் தெரியாமல் வந்து நிற்கும் மருத்துவ மாணவன். சர்ஜரி ரெசிடென்ட் பீட்டர் பென்டன் அவனைப் போட்டு வறுத்தெடுப்பார். 2000 பிப்ரவரியில் மனநிலை பாதித்த ஒரு நோயாளி கார்ட்டரையும் மாணவி லூசி நைட்டையும் கத்தியால் குத்துகிறான். லூசி இறந்துபோகிறாள். பரபரப்புக்கு இதுவே போதும். நிறையத் தொடர்கள் இதோடு விட்டுவிட்டு, இரண்டு எபிசோட் தள்ளி அவனைச் சிரித்துக்கொண்டு நடமாட விட்டிருக்கும். இவர்கள் விடவில்லை. முதுகு வலி, வலிக்கு மாத்திரை, மாத்திரைக்கு மேல் மாத்திரை. வேலையில் சின்னச் சின்னச் சறுக்கல்கள், எரிச்சல். கடைசியில் ஒரு நோயாளிக்குப் போட்டதில் மிச்சமிருந்த ஃபென்டனில் என்ற வலிமருந்தைத் தனக்கே ஊசி போட்டுக்கொள்ளும்போது ஒரு மாணவியின் கண்ணில் படுகிறான். சக டாக்டர்கள் ஓர் அறையில் உட்காரவைத்து, சிகிச்சைக்குப் போ, இல்லாவிட்டால் வேலை இல்லை என்கிறார்கள். அவன் கோபித்துக்கொண்டு வெளியே ஓட, பின்னால் போகிறவர் யார்? அதே பென்டன். அவர் முகத்தில் ஒரு குத்து விடுகிறான். பிறகு உடைந்து அழுகிறான். சிகிச்சைக்குப் போகும் விமானத்தில் அவனோடு ஏறி உட்கார்ந்துகொள்கிறார் அவர். ஆறு வருஷ வேலை உறவு முழுக்க அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. அடுத்த சீசனில் திரும்பி வந்தவனுக்குக் கண்காணிப்பு உண்டு, போதைமருந்துப் பரிசோதனை உண்டு, பழைய நம்பிக்கை மட்டும் இல்லை. அதைத் திரும்பச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

கார்ட்டராக நடித்த நோவா வைலி 2025இல் ‘தி பிட்’ தொடரில் மூத்த மருத்துவர் ராபியாக வந்தார். அங்கே மருந்து திருடும் இளைய டாக்டரைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்புகிறவர் இவர். வேறு தொடர், வேறு பாத்திரம் என்று தெரிந்தாலும், கார்ட்டரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி கூடுதலாக வலித்திருக்கும்.

சரி, இப்போது அலெக்ஸ் கரேவுக்கு வருகிறேன். இந்த மடலை எழுதவைத்தவனே அவன்தான்.

‘கிரேஸ் அனாடமி’ 2005இல் தொடங்கியபோது அலெக்ஸ் ஒரு முரடன். கூட வேலை பார்க்கும் இஸ்ஸி உள்ளாடை மாடலாக இருந்த படங்களை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவைத்தவன். அங்கிருந்து, யாரும் எதிர்பார்க்காத திசையில், குழந்தைகளுக்கான சர்ஜரிக்குப் போனான். அரிசோனா ராபின்ஸ் என்ற டாக்டரிடம் பல சீசன்கள் கற்றுக்கொண்டான். குழந்தைகளிடம் பொய் சொல்லாமல் பேசத் தெரிந்தவனாக, நோயாளியை விட்டு நகராதவனாக மாறினான். கொஞ்ச காலம் சர்ஜரிப் பிரிவின் தலைவனாகவும் இருந்தான். நாங்கள் கடைசியாகப் பார்த்த அலெக்ஸ், தோழி மெரடித்தின் டாக்டர் லைசென்ஸைக் காப்பாற்ற விசாரணையில் அவள் பக்கம் நின்று போராடியவன். நடிகர் ஜஸ்டின் சேம்பர்ஸ் விலகிவிட்டார் என்று 2020 ஜனவரியில் செய்தி வந்தது. மார்ச்சில் ஒரு எபிசோட் வந்தது. அதில் அலெக்ஸ் நாலு பேருக்குக் கடிதம் எழுதியிருந்தான். இஸ்ஸிக்கு இரட்டைக் குழந்தைகள் இருக்கிறார்கள், அவை என் குழந்தைகள், நான் அங்கே போய்விட்டேன், வர மாட்டேன் என்று. மனைவி ஜோவுக்கு வந்த கடிதத்தோடு கையெழுத்துப் போட்ட விவாகரத்துப் பத்திரமும் இருந்தது.

ஜோவை இப்படி விட்டுவிட்டுப் போனானே என்றுதான் அன்று பெரும்பாலோர் பொங்கினார்கள். அது நியாயமான பொங்கல்தான். ஆனால் எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. அவன் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள் என்ன ஆனார்கள்? ஆபரேஷன் தேதி குறித்த பிள்ளை, தையல் பிரிக்க வேண்டிய பிள்ளை? யாரிடம் ஒப்படைத்தான்? ஷிஃப்ட் முடியும்போது அடுத்தவரிடம் நோயாளிகளை ஒவ்வொருவராகச் சொல்லி ஒப்படைக்காமல் எந்த டாக்டரும் வெளியே போவதில்லை. பதினாறு சீசன்களாக எங்களுக்கு அதைக் காட்டிப் பழக்கியதே நீங்கள்தான். காதலுக்காக ஒருவன் போய்விடலாம், நம்பலாம். ஆனால் அந்தக் கடிதங்களில் ஒரு டாக்டரைக் காணோம். காதலும் நன்றியும் மன்னிப்பும் பேசின அந்தக் கடிதங்களை 2005ஆம் வருஷத்து அலெக்ஸ் எழுதியிருக்கலாம். நடுவில் அவன் கற்ற எதுவும் அதில் இல்லை.

நடிகர்கள் போய்விடுகிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்பீர்கள். தெரியும். ஒப்பந்தம் முடிகிறது, சலிப்பு வருகிறது, சம்பளப் பேச்சு முறிகிறது. நேரில் வந்து நடிக்க முடியாத ஒருவருக்கு விடைகொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஊகிக்க முடிகிறது. ஆனாலும் இதற்கு ஐம்பது வருஷம் முன்பே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மக்லீன் ஸ்டீவன்சன் ‘மேஷ்’ தொடரிலிருந்து விலகினார். அவர் நடித்த கர்னல் ஹென்றி பிளேக் பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறார். எல்லோரும் கட்டிப்பிடித்து அனுப்புகிறார்கள். இத்தோடு முடித்திருந்தால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. 1975 மார்ச் 18 அன்று வந்த அந்த எபிசோடின் கடைசிக் காட்சியில் முகாமின் கிளார்க் ரேடார் ஆபரேஷன் கூடத்துக்குள் வந்து ஒரு தந்தியைப் படிக்கிறான். ஹென்றி போன விமானம் ஜப்பான் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை. பெரும்பாலான நடிகர்களுக்கே அந்தக் கடைசிப் பக்கம் படப்பிடிப்பின் கடைசி நேரம்வரை தெரியாது. கோபக் கடிதங்கள் குவிந்தன. சிரிக்கவைக்கிற தொடரில் இப்படியா என்று கேட்டார்கள்.

ஆனால் அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது பாருங்கள். செய்தியைக் கேட்ட பிறகும் டாக்டர்கள் கையை நிறுத்தவில்லை. மேஜையில் ஆள் கிடக்கிறான். முகமூடிக்கு மேலே கண்கள் கலங்க, கீழே கைகள் தையல் போட்டுக்கொண்டிருக்கின்றன. எங்கோ ஒரு கருவி தரையில் விழும் சத்தம். அது தற்செயலாக விழுந்ததாம், அப்படியே வைத்துக்கொண்டார்கள். அடுத்த சீசனில் ஹென்றியின் நாற்காலி காலியாக இருந்தது. ஃபிராங்க் பர்ன்ஸ் ஆசையாக அதில் உட்கார்ந்தான், பிறகு கர்னல் பாட்டர் வந்தார், முகாமின் நடைமுறையே மாறியது. ஒரு மனிதன் போனதால் வேலை எப்படி மாறியது என்று காட்டினார்கள். அன்று திட்டிக் கடிதம் போட்ட தலைமுறையே பின்னாளில் அந்த எபிசோடைத் தூக்கிவைத்துப் பேசியது. வில் கார்ட்னர் விஷயத்திலும் அதனால்தான் நான் கிங் தம்பதியர் பக்கம். அவன் செத்தது நீதிமன்றத்தில், வழக்கின் நடுவில், தான் காப்பாற்றப் போராடிய கட்சிக்காரன் கையால். அடுத்த எபிசோடில் கதாநாயகியான வக்கீல் அலிசியா, அவன் சாவதற்குச் சற்று முன் தன் போனில் விட்டிருந்த பாதி வாய்ஸ்மெயிலுக்கு என்ன அர்த்தம் என்று கோர்ட்டில் இருந்தவர்களை எல்லாம் விசாரித்து அலைந்தாள். துக்கத்தைக்கூட ஒரு வக்கீல் மாதிரிதான் அனுசரித்தாள்.

அதே தொடரில் மறுவருஷம் அலிசியாவும் துப்பறியும் வேலை பார்க்கும் கலிண்டாவும் கடைசியாக ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசிய காட்சி வந்தது. இரு நடிகைகளையும் தனித்தனியாகப் படம்பிடித்து ஒட்டியிருக்கிறார்கள் என்று உடனே கண்டுபிடித்துவிட்டார்கள் பார்த்தவர்கள். எத்தனையோ எபிசோடுகளாக இருவரும் ஒரே காட்சியில் வரவில்லை என்பதைக் கணக்கு வைத்துக்கொண்டிருந்த கூட்டம் இது.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. எங்களுக்கு ஞாபகம் ஜாஸ்தி, இப்போது இன்னும் ஜாஸ்தி. வக்கீல் ஆபீஸ் கதையான ‘சூட்ஸ்’ 2019இலேயே முடிந்துபோன தொடர். 2023இல் ஸ்ட்ரீமிங்கில் மறுபடி கிளம்பி, அமெரிக்காவில் மட்டும் அந்த ஒரு வருஷத்தில் 57.7 பில்லியன் நிமிடங்கள் பார்க்கப்பட்டது என்று பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் சொல்கிறது. வருஷக்கணக்கில் எழுதப்பட்டதைச் சில வாரங்களில் பார்த்து முடிக்கிறார்கள். மூன்றாம் சீசனில் ஒருவன் சொன்னது ஏழாம் சீசனில் இடித்தால் முன்பு மறந்திருப்போம். இப்போது அது போன வாரம் பார்த்தது. ஆபீசுக்குள் ஒரு நினைவு, வெளியே வேறு நினைவு என்று ஒரே ஆளை இரண்டாகப் பிரித்துவைக்கும் ‘செவரன்ஸ்’ இரண்டாம் சீசனில், ஆபீஸ் ஹெல்லியின் இடத்தில் அவளுடைய வெளியுலக வடிவமான ஹெலீனா உட்கார்ந்திருக்கிறாள் என்பதை நீங்கள் நாலாவது எபிசோடில் உடைத்தீர்கள். ரசிகர்கள் முதல் எபிசோடிலேயே சந்தேகப்பட்டுவிட்டார்கள். தினமும் உட்காருகிற மேஜையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ய அவள் ஏன் ஸ்விட்சைத் தேடுகிறாள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வேலை செய்கிற கை பொய் சொல்லாது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் நீங்கள்தான்.

இவ்வளவு கவனமாகப் பார்க்கிறவர்களிடம், பெரிய மாற்றத்தைத் திரைக்குப் பின்னால் முடித்துவிட்டு வந்து செய்தியாகச் சொல்கிறீர்கள். வெள்ளை மாளிகைக் கதையான ‘தி வெஸ்ட் விங்’ கடைசி சீசனில், ராணுவ விண்கலம் பற்றிய ரகசியத்தைக் கசியவிட்டவர் ஜனாதிபதிக்கு உரை எழுதும் டோபி சீக்லர் என்றீர்கள். விண்வெளி வீரரான தம்பியை இழந்தவர், அதனால் செய்திருக்கலாம், காரணம் இருக்கிறது. ஆனால் அந்த முடிவை அவர் எடுத்த இரவை எங்களுக்குக் காட்டவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் சண்டை போடுகிற ஒரு மனிதர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய வார்த்தையைச் சொன்னபோது நாங்கள் அங்கே இல்லை. டோபியாக நடித்த ரிச்சர்ட் ஷிஃபே இதில் தனக்கு உடன்பாடில்லை என்று பிறகு வெளிப்படையாகச் சொன்னார். கால்பந்து அணிக் கதையான ‘டெட் லாசோ’வில், பழைய அணிக்குத் துரோகம் செய்துவிட்டுப் போன நேட் எதிரணி கோச் வேலையை விட்டதும் இப்படித்தான். ஒரு சீசன் முழுக்க வளர்த்த துரோகம், அதை உதறிய தருணம் இரண்டு எபிசோடுகளுக்கு நடுவில் எங்கோ நடந்து முடிந்திருந்தது.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. நாங்கள் வெறுக்கிற பாத்திரமெல்லாம் மோசமாக எழுதப்பட்ட பாத்திரம் இல்லை. ‘தி பிட்’ முதல் சீசனில் டிரினிடி சான்டோஸ் என்ற புது டாக்டரைப் பலருக்குப் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் பட்டப்பெயர் வைக்கிறாள், முந்திரிக்கொட்டை, யாரையும் மதிப்பதில்லை. ஆனால் மருந்துக் கணக்கு எங்கோ இடிக்கிறது என்று கவனித்தவள் அவள்தான். எல்லோருக்கும் செல்லமான டாக்டர் லாங்டன்தான் திருடன். அவளை அந்தப் பதினைந்து மணி நேர ஷிஃப்ட்டுக்குள் இனிமையானவளாக்கியிருந்தால் எங்கள் கூச்சல் அடங்கியிருக்கும், கதை செத்திருக்கும். தயவுசெய்து எங்களுக்காக யாரையும் இனிப்பாக்காதீர்கள். இன்னார் இன்னாரைக் காதலித்தே ஆக வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பதையும் கண்டுகொள்ளாதீர்கள். பாத்திரத்தின் மேல் உள்ள கடுப்பை நடித்தவர் மேல் காட்டுகிறவர்களுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ‘பிரேக்கிங் பேட்’ ஸ்கைலராக நடித்த ஆனா கன், தனக்குக் கொலை மிரட்டல்வரை வந்ததை 2013இல் நியூயார்க் டைம்ஸில் எழுதவேண்டி வந்தது. அந்த ஆட்களை ரசிகர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

லாங்டன் இரண்டாம் சீசனில் பத்து மாதச் சிகிச்சை இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறான். அவனை மன்னிக்கலாமா கூடாதா என்று எங்களுக்குள் அடித்துக்கொள்கிறோம். இந்த மாதிரிச் சண்டை எங்களுக்குப் பிடிக்கும். நாங்கள் சண்டை போடும் அளவுக்கு விஷயம் எங்கள் கண்முன்னால் நடந்திருக்கிறது, அதனால். அடுத்து யாராவது விலகும்போதும் இதே அளவுக்கு எங்களை உள்ளே விடுங்கள். கடிதம் எழுதவைத்தே ஆக வேண்டும் என்றால், பொறுப்புகளை யாரிடம் விட்டுப் போகிறார் என்று அதில் ஒரு வரியாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களை விடாமல் பார்க்கிற ஒரு ரசிகை

பி.கு.: ‘தி வெஸ்ட் விங்’ முதல் சீசன் முழுக்க வந்துவிட்டு, இரண்டாம் சீசனில் ஒரு வார்த்தைகூட இல்லாமல் காணாமல்போன மேண்டி ஹாம்ப்டனை யாராவது விசாரித்தீர்களா? காரணம் சொல்லாமல் மறையும் பாத்திரங்கள் எல்லாம் போய்ச் சேரும் ஊருக்கு ரசிகர்கள் ‘மேண்டிவில்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். அங்கே ஜனத்தொகை ஏறிக்கொண்டே போகிறது.